குதிரை ஏறும் விமானம்

2024 அக்டோபர் 5. சிங்கப்பூரின் வடக்கு ஓரத்தில், கிராஞ்சி பந்தயத் திடலில் கடைசிக் குதிரைப் பந்தயம் ஓடி முடிந்தது. 1842இல் தொடங்கிய சிங்கப்பூர் டர்ஃப் கிளப்பின் கதை அத்துடன் நிறைவுக்கு வந்தது. சுமார் 120 ஹெக்டேர் நிலத்தை 2027 மார்ச்சுக்குள் அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். அங்கே வீடுகள் எழும்பப் போகின்றன. நிலத்துக்கு வழி சொல்லியாயிற்று. குதிரைகளுக்கு? மூடப்போகிறோம் என்று 2023 ஜூனில் அறிவித்தபோது கிராஞ்சி லாயங்களில் ஏறத்தாழ 700 பந்தயக் குதிரைகள் இருந்தன. ஒவ்வொன்றும் அரை டன் எடை. நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஒரு தீவிலிருந்து இத்தனை குதிரைகள் எப்படி வெளியேறும்?

மலேசியாவுக்குப் போகிறவை லாரியில் ஏறலாம். கிராஞ்சிக்குப் பக்கத்தில்தான் உட்லண்ட்ஸ். ஒரு கிலோமீட்டர் நீளக் கடற்பாலத்தைத் தாண்டினால் ஜோகூர். ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகிறவை பறந்தாக வேண்டும். வீட்டு நாயையோ பூனையையோ வெளிநாட்டுக்குக் கூட்டிப் போக நினைப்பவர்கள் இந்தக் குதிரைகளின் பயணத்தைக் கவனிப்பது நல்லது. பிராணி எதுவானாலும் அதற்கான கணக்கு ஒன்றுதான். அந்தப் பயணியால் பேச முடியாது. அது யார், உடம்பில் நோய் இருக்கிறதா, மூச்சு விட முடிகிறதா என்பதையெல்லாம் அதன் உடம்பிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிக் கேட்பதற்கு மனிதர்கள் கண்டுபிடித்திருக்கும் வழிகள் அபாரமானவை.

முதலில் குதிரையை விமானத்துக்குள் ஏற்ற வேண்டும். படியில் நடத்திக் கூட்டிப் போவதில்லை. தரையிலேயே ஒரு பெட்டி தயாராக நிற்கும். அதன் பெயர் ஏர் ஸ்டால். விமானத்துக்கென்றே செய்த லாயம். ஏறக்குறைய மூன்று மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம். உள்ளே தடுப்புகளை நகர்த்தி மூன்று குதிரைகளை நிறுத்தினால் அது எகானமி வகுப்பு. இரண்டு நின்றால் பிசினஸ். ஒன்றே ஒன்று நின்றால் முதல் வகுப்பு. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் நிஜமாகவே இந்தப் பெயர்களைத்தான் சொல்கிறார்கள். குதிரை சரிவுப் பலகையில் நடந்து பெட்டிக்குள் போகும், கதவு மூடும். பிறகு பெட்டியோடு சேர்த்து ஒரு தூக்கு மேடை அதைச் சரக்கு விமானத்தின் வாசல் உயரத்துக்கு உயர்த்தும். தரையில் பதித்த உருளைகள் மேல் தள்ளி, உரிய இடத்தில் பூட்டிவிடுவார்கள். பொதுவாகப் பொலிகுதிரைகள் முன்வரிசையில், பெண் குதிரைகள் பின்வரிசையில். அருகருகே நிற்பவை ஏற்கெனவே பழகியவையாக இருந்தால் இன்னும் நல்லது. குதிரை கூட்டமாக வாழும் பிராணி. தனியே நின்றால் அதற்குக் கலக்கம் வரும்.

எட்டு மணி நேரம் உட்கார இடமில்லாமல் நிற்பது நமக்குத் தண்டனை. குதிரைக்கு அப்படியில்லை. அதன் கால் மூட்டுகளில் தசைநார்களும் எலும்புகளும் சேர்ந்து ஒரு பூட்டு அமைப்பை உருவாக்கியிருக்கின்றன. பூட்டு விழுந்துவிட்டால் தசைக்கு அதிக வேலையில்லை. நின்றபடியே கண் அயரலாம். ஆனால் நிற்கும்போது உடம்பின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. விமானம் தரையிறங்கிப் பிரேக் போடும்போது மீதி எடையும் முன்னே சாயும். அதனால் குதிரை ஏறிய விமானத்தை விமானிகள் சாய்வு குறைத்து மெதுவாக மேலேற்றுகிறார்கள். இறங்கும்போது ஓடுபாதையின் நீளத்தைத் தாராளமாகப் பயன்படுத்தி, பிரேக்கைப் பதமாக அழுத்துகிறார்கள்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பது பலருக்குத் தெரியாது. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் உள்ள தசை வளையம் அவ்வளவு இறுக்கமானது. உள்ளே போனது திரும்பி வராது. வயிற்றில் கோளாறு என்றால் அது சூலையாக முற்றி உயிரையே எடுத்துவிடும். அதனால் பயணத்துக்கு முன் தானியத்தைக் குறைத்துவிடுகிறார்கள். வழியெல்லாம் வைக்கோல், அடிக்கடி தண்ணீர். விமானத்திலேயே கூடவரும் குதிரைப் பராமரிப்பாளர்கள் இதைக் கவனித்துக்கொள்கிறார்கள். எதிரில் தொங்கும் வலையிலிருந்து வைக்கோலை உருவி மென்று விழுங்கும்போது காதுக்குள் அழுத்தமும் சமனாகிவிடுகிறது. நாம் மிட்டாய் சப்புவதற்குக் குதிரையின் பதில் அது.

எல்லாவற்றிலும் எனக்கு வியப்பானது தலை சம்பந்தப்பட்ட விஷயம். மேயும் குதிரை நாளின் பெரும்பகுதியைத் தலையைத் தாழ்த்தியபடியே கழிக்கிறது. மூச்சோடு உள்ளே போகும் தூசியும் கிருமியும் மூச்சுக்குழாயின் சளியில் ஒட்டிக்கொள்ளும். தலை தாழும்போது அந்தச் சளி வழிந்து வெளியே வந்துவிடும். புல் மேய்வதே அதன் நுரையீரலைச் சுத்தம் செய்யும் வேலையாகவும் ஆகிவிடுகிறது. பயணத்தில் பாதுகாப்புக்காகத் தலையை உயர்த்திக் கட்டினால் என்ன ஆகும்? வழியும் பாதை அடைபடும். சில மணி நேரத்தில் கிருமிகள் பெருகத் தொடங்கும். ஊர் போய்ச் சேர்ந்து ஓரிரு நாளில் காய்ச்சல், இருமல், சில சமயம் நுரையீரல் உறையில் சீழ். பயணக் காய்ச்சல் என்று குதிரை மருத்துவர்கள் அஞ்சும் நோய் இதுதான். இதைத் தவிர்க்கும் வழி எளிது: கயிற்றைத் தளர்த்தி, குதிரை தலையைக் குனிய விட வேண்டும்.

இவ்வளவு கவனத்துக்குப் பின்னும் விபரீதம் நேர்வதுண்டு. 2023 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து பெல்ஜியத்துக்குக் கிளம்பிய ஒரு போயிங் 747 சரக்கு விமானத்தில், மேலேறும்போதே ஒரு குதிரை மிரண்டு பெட்டியின் தடுப்பைத் தாண்டப் பார்த்துப் பாதியில் சிக்கிக்கொண்டது. விமானி சுமார் 20 டன் எரிபொருளைக் கடலுக்கு மேல் கொட்டிவிட்டு நியூயார்க்குக்கே திரும்பினார். அந்தக் குதிரையைக் காப்பாற்ற முடியவில்லை.

குதிரை கடல் கடப்பது புதிதல்ல. தமிழ்நாட்டுக்கு அவை கப்பலில் வந்திருக்கின்றன. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கப்பலில் வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. பாண்டியர்களின் காயல் துறைமுகத்தில் ஆண்டுதோறும் அரபுக் குதிரைகள் இறங்கின. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, அரசன் பெரும் பணம் கொடுத்து வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை சரியான பராமரிப்பு இல்லாமல் மடிந்துபோனதை எழுதிவைத்தார். கடலைக் கடந்து வந்த பிராணி கரையில் செத்தது. ஒரு பிராணியை ஊர் சேர்ப்பது வேறு, அதை அங்கே வாழவைப்பது வேறு.

சிங்கப்பூரில் குதிரையும் விமானமும் முதலில் சந்தித்துக்கொண்டது கிராஞ்சியில் அல்ல, தேக்கா பக்கத்தில். இன்று சாப்பாட்டுக் கடைகளுக்குப் பேர்போன ரேஸ் கோர்ஸ் ரோட்டின் பெயரிலேயே அந்தச் செய்தி இருக்கிறது. 1843இல் முதல் பந்தயம் நடந்தது அங்கே இருந்த ஃபாரர் பார்க் திடலில்தான். 1911 மார்ச் 16 அன்று ஜோசப் கிறிஸ்டியான்ஸ் என்ற பெல்ஜிய விமானி அதே திடலிலிருந்து சிங்கப்பூரின் முதல் விமானத்தை மேலே எழுப்பினார். நீளமான, மேடுபள்ளமில்லாத புல்தரை அந்தக் காலத்தில் வேறு எங்கே கிடைக்கும்? 1919 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்த ராஸ் ஸ்மித் குழுவினரும் அங்கேதான் இறங்கினார்கள். பந்தயம் 1933இல் புக்கிட் தீமாவுக்குப் போனது, 1999இல் கிராஞ்சிக்கு வந்தது.

விமானம் ஏறுவது ஒரு நாள் வேலை. அதற்கு முன்னும் பின்னும் வாரக்கணக்கில் நீள்வது தனிமைப்படுத்தல். அது ஏன் அவ்வளவு கெடுபிடியாக இருக்கிறது என்பதற்கு ஆஸ்திரேலியா கொடுத்த விலையைப் பார்க்க வேண்டும். 2007 ஆகஸ்டு வரை அந்த நாட்டுக்குள் குதிரைக் காய்ச்சல் வைரஸ் பரவியதே கிடையாது. வெளிநாட்டிலிருந்து வந்த குதிரைகளைச் சிட்னி அருகே ஈஸ்டர்ன் கிரீக் தனிமை மையத்தில் வைத்திருந்தார்கள். குதிரைகள் வெளியே வரவில்லை, வைரஸ் வந்துவிட்டது. சில வாரங்களில் ஆயிரக்கணக்கான பண்ணைகளில் தொற்று. நாடு முழுக்கக் குதிரைகளை நகர்த்தத் தடை, பந்தயங்கள் ரத்து. முன்னாள் நீதிபதி இயன் காலினன் தலைமையில் நடந்த விசாரணையின் முடிவு: அந்த மையத்தை விட்டு வெளியே போன ஒரு மனிதர் மேலோ, ஏதோ ஒரு கருவி மேலோ ஒட்டிக்கொண்டுதான் வைரஸ் தப்பித்திருக்க வேண்டும். குதிரையைப் பூட்டிவைத்தவர்கள் குதிரையைத் தொட்ட கையைச் சரியாகக் கழுவவைக்கவில்லை.

கையால் வராத நோய் காற்றில் வரும். 2020இல் தாய்லாந்தில் ஆப்பிரிக்கக் குதிரை நோய் வெடித்து நூற்றுக்கணக்கான குதிரைகள் செத்தன. அதே ஆண்டு மலேசியாவிலும் அந்த நோய் தென்பட்டது. இதைக் குதிரையிலிருந்து குதிரைக்குக் கொண்டுபோவது கொசு போன்ற ஒரு குட்டிப் பூச்சி. நீளம் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர். சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள் தாராளமாக நுழைந்துவிடும். அந்தி சாயும்போதும் விடியற்காலையிலும்தான் அது அதிகம் கடிக்கும். எனவே அந்த அபாயம் உள்ள இடங்களில், பயணத்துக்குக் காத்திருக்கும் குதிரைகளைப் பொழுது சாயுமுன் உள்ளே கட்டி, மிக நுண்ணிய வலையால் லாயத்தையே மூடுகிறார்கள்.

இனி வீட்டுக்குள் வளரும் பிராணிகளுக்கு வருவோம். நாய், பூனை விஷயத்தில் உலக நாடுகள் பயப்படுவது முக்கியமாக ஒரே வைரஸுக்கு: ரேபிஸ். சிங்கப்பூரில் 1953க்குப் பிறகு ரேபிஸ் இல்லை. அந்த நிலையைக் காப்பது தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவின் பொறுப்பு. அனுப்பும் நாட்டில் ரேபிஸ் எந்த அளவு இருக்கிறதோ, விதியும் அந்த அளவு இறுகும். பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து வரும் நாய்க்குக் கதவு எளிதாகத் திறக்கும். ரேபிஸ் பரவியுள்ள நாடுகளிலிருந்து வருவது குறைந்தது 30 நாள் தனிமையில் இருக்க வேண்டும்.

சோதனை தொடங்குவது ஓர் அரிசிமணி அளவு பொருளிலிருந்து. மைக்ரோசிப். கண்ணாடி உறைக்குள் ஒரு செம்புச் சுருள், ஒரு சில்லு. பேட்டரி கிடையாது. ஊசி மூலம் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் செலுத்துகிறார்கள். வாசிப்புக் கருவியை அருகே கொண்டுபோனால் அது 134.2 கிலோஹெர்ட்ஸ் ரேடியோ அலையை அனுப்பும். அந்த அலையிலிருந்தே மின்சாரத்தைத் திரட்டிக்கொண்டு சில்லு ஒரு கணம் விழிக்கும். தன் 15 இலக்க எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடி உறங்கும். நாயின் ஆயுள் முழுக்க அது பழுதில்லாமல் கிடக்கும். முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிக்கலாம்: இந்தியாவுக்கு 356, சிங்கப்பூருக்கு 702. 900க்கு மேல் தொடங்கினால் அது தயாரித்த நிறுவனத்தின் எண். பலர் தடுக்கி விழும் இடம் இங்கே இருக்கிறது. சிப் பொருத்தும் முன்பு போட்ட ரேபிஸ் தடுப்பூசி பெரும்பாலான நாடுகளில் செல்லாது. ஊசி போட்டுக்கொண்டது இந்த நாய்தான் என்பதற்குச் சாட்சி வேண்டுமே. முதலில் சிப், பிறகு ஊசி.

ஊசி போட்டதற்குச் சான்றிதழ் இருந்தால் போதாதா? போதாது. ஊசி வேலை செய்ததா என்பதை ரத்தம் சொல்ல வேண்டும். அதைக் கேட்கும் விதம் துணிச்சலானது. நாயின் ரத்தத்திலிருந்து தெளிந்த நீரைப் பிரித்து, 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் படிப்படியாக நீர்க்கவைத்து ஊற்றுகிறார்கள். ஒவ்வொரு குழியிலும் அளந்து விடுவது உயிருள்ள ரேபிஸ் வைரஸ். சற்று நேரம் கழித்து, ஆய்வகத்தில் வளர்த்த வெள்ளெலிச் சிறுநீரக செல்களைச் சேர்த்து 48 மணி நேரம் வெதுவெதுப்பில் வைக்கிறார்கள். நாயின் ரத்தத்தில் எதிர்ப்பொருள், அதாவது வைரஸை முடக்கும் புரதம், போதிய அளவு இருந்தால் செல்கள் பிழைக்கும். இல்லையென்றால் வைரஸ் அவற்றுக்குள் புகுந்துவிடும். கடைசியில் ஒளிரும் சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் பார்த்தால், வைரஸ் புகுந்த செல்கள் பச்சையாக மின்னும். இருட்டாக இருந்தால் நாய்க்கு நல்ல செய்தி. பிரான்சின் நான்சி நகர ஆய்வகத்தில் 1990களில் உருவான முறை இது. தேர்ச்சி மதிப்பெண் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு. கண்டம் கண்டமாக அதே அளவுகோல்தான்.

ரத்தம் தேறிய பிறகும் காத்திருக்கச் சொல்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம், ரேபிஸ் அபாயமுள்ள நாட்டு நாய்களுக்கு ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் என்கிறது. ஜப்பான் 180 நாள் என்கிறது. வெறும் அதிகாரக் கெடுபிடி என்று கோபப்படுவோர் உண்டு. வைரஸின் போக்கைப் பார்த்தால் காரணம் புரியும். கடித்த இடத்துத் தசைக்குள் அது வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் பதுங்கிக் கிடக்கும். பிறகு ரத்தத்தில் கலக்காமல், ஒரு நரம்பைப் பற்றிக்கொண்டு மூளையை நோக்கி ஊரும். அந்தக் காலம் முழுவதும் நாய் ஆரோக்கியமாகத்தான் தெரியும். எந்த ரத்தப் பரிசோதனையும் அதைக் காட்டிக்கொடுக்காது. தடுப்பூசிக்கு முன்பே கடிபட்ட நாயைக் கண்டுபிடிக்க இன்றுள்ள ஒரே கருவி நாட்காட்டி. பிரிட்டன் ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த நாய்களை ஆறு மாதம் அடைத்துவைத்ததும் இதனால்தான். சிப்பும் ஊசியும் ரத்தப் பரிசோதனையும் கைவந்த பிறகே, 2000 பிப்ரவரியில் சில நாடுகளுக்கு அந்த விதி தளர்ந்தது. காத்திருக்கும் காலத்தை நாய் தன் வீட்டிலேயே கழிக்கலாம் என்று ஆனது. கோடிக்கணக்கான மணி நேரத் தனிமையை அறிவியல் இப்படி மிச்சப்படுத்தியிருக்கிறது.

பெட்டிக்கும் ஒரு கணக்கு உண்டு. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் வகுத்த விதிப்படி, மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை உள்ள நீளத்தோடு முன்னங்கால் முழங்கை உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோள் அகலத்தின் இரு மடங்கு கூண்டின் அகலம். நிற்கும்போது தலையோ காதோ எது உயரமோ, அதோடு விரிப்பின் கனத்தையும் சேர்த்தால் கூண்டின் உயரம். நாய் எழுந்து நின்று, திரும்பி, இயல்பாகப் படுக்க வேண்டும். அவ்வளவு இடம் கட்டாயம். அதைவிட மிகப் பெரிதானால் குலுக்கலில் நாய் உருண்டு அடிபடும்.

விமானத்தின் அடியில் உள்ள சரக்கு அறையில் குளிரும், காற்றே இருக்காது என்று பயப்படுகிறவர்கள் ஏராளம். விமானத்தின் உடல் முழுவதும் ஒரே அழுத்தக் கலம். மேலே நாம் சுவாசிக்கும் அதே அழுத்தம்தான் கீழேயும். உயரப் பறக்கும்போது அது அதிகபட்சம் 2,400 மீட்டர் மலைக்கு ஈடாகும். ஊட்டியைவிடச் சற்றே உயரம். உயிருள்ள பிராணி ஏறியிருக்கிறது என்ற தகவல் எழுத்து வடிவில் விமானியின் கைக்குப் போய்விடும். அந்த அறையின் வெப்பநிலையை அதற்கேற்ப வைப்பது அவர் பொறுப்பு. உண்மையான அபாயம் வேறு இரண்டு. ஒன்று, மயக்க மருந்து. தூங்கிவிட்டால் பயப்படாது என்று சிலர் கொடுத்துவிடுகிறார்கள். அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உடல்வெப்பத்தைச் சமாளிக்கும் திறனைக் கெடுக்கும், குலுங்கும்போது காலூன்றி நிற்க விடாது. மற்றது, சப்பை மூக்கு. நாய்க்கு உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே சூட்டை வெளியேற்றுகிறது. பக், புல்டாக் போன்ற இனங்களுக்கு மூச்சுவழியே குறுகல். வெயிலில் ஓடுபாதை ஓரம் காத்திருக்கும் அரைமணி நேரமே அவற்றுக்கு ஆபத்தாகலாம். பல விமான நிறுவனங்கள் இந்த இனங்களை ஏற்க மறுப்பது நியாயமானதே.

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நாயுடன் குடிபெயர நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். டிக்கெட் வாங்கும் முன் தங்கப்போகும் வீட்டைப் பாருங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் ஒரு நாய் மட்டும்தான், அதுவும் அனுமதிக்கப்பட்ட 62 சிறிய இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ அந்தப் பட்டியலில் இல்லை. பூனைக்குப் பல ஆண்டுகளாக இருந்த தடை 2024 செப்டம்பர் 1 முதல் நீங்கி, இரண்டு வரை வளர்க்கலாம் என்றாகியிருக்கிறது. பயண நாளைக் குறித்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: தனிமை மையத்தில் இடம், இறக்குமதி உரிமம், காத்திருக்கும் காலம், ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி, அதற்கும் முன் சிப். ஆறு மாத அவகாசம் இருந்தால் நிதானமாகச் செய்யலாம். இந்திய அரசின் சான்றிதழுக்குப் பள்ளிக்கரணையில் உள்ள விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தை அணுக வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். முகவர் வாய்மொழியை நம்பாமல் இரு நாட்டு அரசுத் தளங்களையும் நீங்களே பாருங்கள். கூண்டைக் கடைசி வாரத்தில் வாங்காதீர்கள். இன்றே வாங்கிக் கூடத்தில் கதவு திறந்தபடி வையுங்கள், உள்ளே அதன் பழைய விரிப்பைப் போட்டு அங்கேயே சோறு வையுங்கள். தானாகப் போய்ப் படுத்துத் தூங்கும் அளவுக்கு அது பழகிய பிறகு விமானம் ஏற்றுங்கள்.